அக்காவின் முழங்காலும் இரண்டு பெட்டிகளும்

முதல் நாள், சுங்கை சிப்புட், மலேசியா

அடுத்த புதன்கிழமை நானும் அக்காவும் சென்னைக்குப் புறப்படுகிறோம். அங்கே அக்காவின் வலது முழங்காலில் செயற்கை மூட்டு பொருத்தப்போகிறார்கள். அக்காவுக்கு வயது 66. தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு 60. ஏழு நாள் இருக்கும்போதே நான் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டதைப் பார்த்து அக்கா சிரிக்கிறார். கோலாலம்பூரில் ஒரு கல்யாணம் என்றால், புறப்படும் காலையில் ஒரு பையில் இரண்டு சேலைகளைத் திணித்துக்கொண்டு கிளம்புகிறவர் அவர்.

அக்கா 14 வயதில் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் உளி பிடித்தவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, மேட்டிலும் பள்ளத்திலும் நின்ற கித்தா (ரப்பர்) மரங்களைக் குனிந்தும் குந்தியும் வெட்டி, மங்குக் கிண்ணங்களில் வடிந்த பாலைச் சேர்த்து, காண்டாத் தடியில் இரண்டு வாளிகளாகத் தோளில் சுமந்து பால் நிறுக்கும் ஸ்டோருக்கு நடந்தவர். அப்படி 30 ஆண்டுகள். குந்தி எழுந்து பாரம் சுமக்கும் வேலை முழங்கால் குருத்தெலும்பைத் தேய்க்கும் என்று மருத்துவர் விளக்கியபோது, அக்கா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அவர் கொடுத்த பணத்தில்தான் நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன்; ஆகவே இந்தப் பயணத்தில் பெட்டி தூக்குவது யார் என்பதில் விவாதத்துக்கு இடமில்லை.

சென்னை எதற்கு, பக்கத்து நகரமான ஈப்போவிலேயே செய்யக்கூடாதா என்று இந்த ஊரில் பாதிப்பேர் கேட்டுவிட்டார்கள். இந்திய அரசு 2017 ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்சவரம்பு விலை விதித்தது; பெரும்பாலும் பொருத்தப்படும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அப்போது வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். ஆனால் மூட்டின் விலையை மட்டும் பார்த்துக் கிளம்புகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். இருவருக்கு விமானச் சீட்டு, ஏறத்தாழ ஐம்பது நாள் அறை வாடகை, சாப்பாடு, பிசியோதெரபி, வாடகைக் கார் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டியபோது, ஈப்போ தனியார் மருத்துவமனையில் கேட்ட தொகைக்கும் சென்னைத் தொகைக்கும் இருந்த இடைவெளி பாதியாகச் சுருங்கிவிட்டது. அந்தப் பாதியும் எங்களுக்குப் பெரிய பணம்தான். அக்காவின் சேமநிதி மிச்சமும், மலேசிய இந்தியர் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் அப்பா வாங்கிவைத்த பங்கின் ஈவுத்தொகையும் சேர்ந்துதான் இந்த மூட்டு.

இன்று துணி எதையும் தொடவில்லை. தாள்களை மட்டும் அடுக்கினேன். இந்தியாவின் மருத்துவ இ-விசாவுக்கு, சிகிச்சை தரும் மருத்துவமனை தன் தலைப்புத் தாளில் எழுதிய கடிதம் வேண்டும். உடன் செல்பவர்களுக்குத் தனி வகை விசா உண்டு. ஒரு நோயாளியோடு இருவர் வரை போகலாம். எங்களுக்கு வந்த முதல் கடிதத்தில் அப்பாவின் பெயர் அக்காவின் கணவர் பெயராகிவிட்டிருந்தது. அக்கா கல்யாணமே செய்துகொள்ளாதவர். நம் கடப்பிதழில் (பாஸ்போர்ட்டில்) நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே நிற்கும் 'ஏ/பி' என்பது மலாயில் 'அனாக் பெரெம்புவான்', அதாவது மகள் என்பது அங்குள்ள எழுத்தருக்கு எப்படித் தெரியும்? கடப்பிதழில் உள்ள எழுத்துகளை ஒன்று விடாமல் அப்படியே போட்டு வேறு கடிதம் வாங்குவதற்குள் ஒன்பது நாள் போயிற்று. விசா, கடிதம், விமானச் சீட்டு மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

விசா 60 நாளுக்குத்தான். இறங்கிய ஐந்தாம் நாள் அறுவை என்று குறித்திருக்கிறார்கள். கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் ஆபத்து இருப்பதால், அறுவைக்குப் பிறகு ஆறு வாரமாவது கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும் என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். ஐந்தும் நாற்பத்திரண்டும் 47. திரும்பும் சீட்டை 52ஆம் நாளுக்கு எடுத்தேன். கையிருப்பு எட்டு நாள். காய்ச்சல், புண் ஆறாமை என்று ஏதாவது வந்தால் அங்குள்ள வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் நீட்டிப்புக் கேட்க வேண்டியிருக்கும். அதற்காகக் கடிதங்களிலும் படங்களிலும் இரண்டிரண்டு நகல் வைத்தேன். பயணக் காப்புறுதி வாங்கிவிட்டோமே என்று அக்கா நிம்மதியாக இருந்தார். முன்கூட்டியே திட்டமிட்ட சிகிச்சைக்கு அது பொதுவாக ஒரு காசும் தராது என்று சொல்லி, அந்த நிம்மதியையும் நான் கெடுத்துவிட்டேன்.

இரண்டாம் நாள்

காலையில் அரசாங்கக் கிளினிக். அக்காவுக்குச் சர்க்கரைக்கு மெட்ஃபோர்மின், இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின். வழக்கமாக ஒரு மாத மருந்துதான் கையில் கொடுப்பார்கள். விமானச் சீட்டையும் மருத்துவமனைக் கடிதத்தையும் காட்டி இரண்டு மாதத்துக்கு வாங்கிக்கொண்டோம். அதற்கு மேல் ஒரு வாரத்துக்கும் சேர்த்து வைத்தேன். மாத்திரைகளைக் குப்பியில் கொட்டாமல், பெயரும் அளவும் அச்சிட்ட உறையோடு வைத்திருக்கிறேன். எல்லாம் கைப்பையில், சரக்கில் போகும் பெட்டியில் ஒரு மாத்திரைகூட இல்லை. பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் சேலை இல்லாமல் இருக்கலாம், மெட்ஃபோர்மின் இல்லாமல் இருக்க முடியாது.

மருந்துப் பட்டியலை வணிகப் பெயரில் எழுதக்கூடாது. இங்கே பனடோல் என்றால் எல்லாருக்கும் தெரியும். அங்கே அதே பாராசிட்டமோலை டோலோ, குரோசின் என்று கேட்பார்கள். ஆகவே உள்ளிருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் எழுதினேன். அந்தப் பட்டியலில் அக்கா காட்ட விரும்பாத ஒன்றும் சேர்ந்தது: தைப்பிங்கிலிருந்து மாதாமாதம் வரவழைக்கும் ஒரு மூலிகை லேகியம். 'அது மருந்தா, சாப்பாடு மாதிரிதானே' என்றார். மருத்துவர் அப்படி நினைக்கவில்லை. இரத்தப் போக்கை மாற்றக்கூடிய மூலிகைகள் உண்டென்பதால் அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்லியிருந்தார். லேகியப் புட்டி இப்போது என் பீரோவில் பூட்டுக்குள் இருக்கிறது.

சர்க்கரை சோதிக்கும் கருவிக்குரிய பட்டைகளை மறந்துவிடாதீர்கள். ஒரு நிறுவனக் கருவியில் இன்னொன்றின் பட்டை வேலை செய்யாது. ஒரு நாளைக்கு இரண்டு என்று வைத்து 120 பட்டைகள் எடுத்துக்கொண்டோம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 8.9 ஆக இருந்தபோது, புண் ஆறாது என்று சொல்லி அறுவைக்கு நாள் குறிக்கவே மறுத்தார்கள். நான்கு மாதம் தேத்தாரிக் என்னும் இனிப்புப் பால்தேநீரைத் தொடாமல் இருந்து 7.4க்குக் கொண்டுவந்தார் அக்கா. இந்தப் பயணத்துக்கான உண்மையான ஆயத்தம் அதுதான். பெட்டி அதற்கு அப்புறம்.

இந்திய நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். காலை எட்டு மணி மாத்திரையை அங்கே எட்டு மணிக்கே போடலாமா என்று கேட்டுக்கொண்டோம், போடலாம்.

மூன்றாம் நாள்

அக்காவின் மனத்தில் இது ஊர்ப்பயணம். எங்கள் தாத்தா நாமக்கல் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்; அக்கா அந்த மண்ணை மிதித்ததில்லை. ஆகவே கட்டிலின் மேல் அவர் பரப்பி வைத்திருந்தவை ஆறு பட்டுச் சேலைகள், இரண்டு ஜோடி வளையல், ஒரு கைப்பை, குதி உயர்ந்த செருப்பு. நான் பரப்பியவை நான்கு பாத்திக் கைலி (பூ அச்சிட்ட பெண்கள் கைலி), முன்பக்கம் முழுக்கப் பொத்தான் வைத்த ஐந்து நைட்டி, தளர்ந்த உள்ளாடைகள், ஒரு ஜோடிச் சப்பாத்து. இரண்டு குவியலையும் பார்த்துவிட்டு, 'இதென்ன, ஆயாக்கொட்டகைக்குப் போகிற பொட்டியா?' என்றார், தோட்டத்துக் குழந்தைகளை ஆயா பார்த்துக்கொள்ளும் கொட்டகையை நினைத்து.

கைலிதான் இந்தப் பெட்டியின் ராணி என்பது என் கட்சி. காலைத் தூக்க முடியாதபோது கால்சட்டையை எப்படிப் போடுவது? கைலியைத் தலை வழியாக மாட்டி இடுப்பில் முடிந்துகொள்ளலாம். தாதி காலில் போட்ட கட்டைப் பார்க்க வந்தால் ஓரத்தை மடித்தால் போதும். நைட்டிக்கு முன்பக்கப் பொத்தான் வேண்டியது, கையில் மருந்து ஏறும் குழாய் இருக்கும் என்பதால். சப்பாத்து வழக்கமான அளவைவிட ஒரு எண் பெரியது, ஒட்டுப்பட்டை வைத்தது, அடிப்பாகம் வழுக்காதது. அறுவைக்குப் பிறகு பாதம் வீங்கும். இரண்டு விரலுக்கு நடுவே வார் போகும் ஜப்பான் சிலிப்பர் நழுவிக் காலை வாரிவிடும்.

பஜாரில் இருக்கும் மலிவுக் கடையில் ஒரு நீண்ட இடுக்கி வாங்கினேன், குப்பை பொறுக்குவதற்கென்று விற்பது. கீழே விழுந்த கைலியையோ கைபேசியையோ குனியாமல் எடுக்கலாம். கழுத்தில் மாட்டும் துணிப்பை ஒன்றைத் தைத்தேன். வாக்கரை இரண்டு கையாலும் பிடித்து நடக்கிறவருக்குக் கண்ணாடியை எடுத்துப்போகவும் மூன்றாவது கை வேண்டுமே. வாக்கரை இங்கிருந்து கொண்டுபோகவில்லை. கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது பிடி மணிக்கட்டு மட்டத்தில் இருக்க வேண்டும். அதைப் பிசியோ பார்த்து அங்கேயே வாங்கித் தரட்டும்.

அக்காவின் நான்கு தலையணைகளை மறுத்ததுதான் இன்றைய பெரிய சண்டை. வலிக்கிறதென்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் கால் மடங்கியபடியே இறுகிவிடும். சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைத்து முழங்காலை நேராக விட வேண்டும் என்பது மருத்துவமனை அனுப்பிய கையேட்டிலேயே இருக்கிறது. துண்டு ஒன்று போதும்.

ஒரு பட்டுச் சேலை மட்டும் அனுமதி பெற்றது.

நான்காம் நாள்

பல் மருத்துவர். பல்லில் சீழ் இருந்தால் கிருமி இரத்தத்தில் ஏறிப் புது மூட்டில் குடியேறலாம் என்பதால் முதலில் பல்லைக் காட்டச் சொல்லியிருந்தார்கள். ஒரு பல்லை அடைத்தாயிற்று.

மாலையில் உறவினர்கள். சென்னைக்குப் போவது தெரிந்ததும் அங்கிருக்கும் தம் சொந்தங்களுக்கு என்று ஒவ்வொருவரும் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார்கள்: மைலோ, கிரீம் கிராக்கர், நெத்திலி, ஒரு டசன் கோடாலித் தைலம். போகும்போது எங்களிடம் நான்கு கைகள் இருக்கும். திரும்பும்போது அக்காவின் இரண்டு கையும் வாக்கரில் இருக்கும், மிச்சம் என்னுடைய இரண்டுதான். அதற்குள் எங்கள் இரண்டு பெட்டிகளுமே அடங்கும் என்று ஒவ்வொருவருக்கும் விளக்கினேன். பெரியம்மா மகள் கோபித்துக்கொண்டு தேநீர் குடிக்காமலே போனார். நோயாளியோடு போகிறவர் இந்த ஒரு விஷயத்தில் கல்மனத்தோடு இருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஐந்தாம் நாள்

இன்று பெட்டியை மூடி வைத்துவிட்டு வீட்டை ஆயத்தம் செய்தோம். திரும்பி வந்தபின் இதற்கு நேரம் இருக்காது.

தோட்டத்தை விட்டு வந்து தாமான் என்னும் நகரக் குடியிருப்பில் வாங்கிய சிறிய வீடு. தோட்டத்தின் வரிசை வீடான லயத்து வீட்டைவிட வசதி என்றாலும் கழிப்பறை குந்தும் வகை. மூட்டு மாற்றியவர் குந்தக்கூடாது. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அத்தை) தம் கணவருக்காக வாங்கிய, கைப்பிடி வைத்த கழிப்பறை நாற்காலியைக் கேட்காமலே தூக்கிவந்து வைத்தார். அது குந்தும் பீடத்தின் மேல் சரியாக உட்கார்ந்தது. சுவரில் ஒரு இரும்புப் பிடி அடித்தோம். குளிப்பதற்குப் பிளாஸ்டிக் நாற்காலி, ஈரத்தில் வழுக்காத விரிப்பு. கூடத்தில் இருந்த மிதியடிகளையெல்லாம் சுருட்டிப் பரணில் போட்டேன். வாக்கரின் கால் மாட்டிக்கொள்வது அவற்றில்தான். அக்கா வழக்கமாக உட்காரும் பிரம்பு நாற்காலி பள்ளமாக இருப்பதால், முழங்காலைவிட உயரமான மர நாற்காலி ஒன்றை அதற்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். மைலோவும் அரிசியும் கீழ்த்தட்டிலிருந்து இடுப்பு உயரத் தட்டுக்கு ஏறின. வாசலில் ஒரே ஒரு படி, ஏழு அங்குலம்.

ஏழாம் நாள்

நேற்று எழுத ஒன்றுமில்லை, கோயிலுக்குப் போனோம்.

இன்று நிறுவை. மளிகைக்கடைத் தராசில் இரண்டு பெட்டிகளையும் ஏற்றினோம். அக்கா முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்டோரில் பால் நிறுக்கும்போது கணக்கெழுதும் கிராணி சொல்லும் எண்ணை நம்பாமல் முள்ளை எட்டிப் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. பெரியது 17 கிலோ, சிறியது 9. திரும்பும்போது சேரப்போகும் எக்ஸ்ரே உறைகளுக்கும் மருந்துக்கும் பெரிய பெட்டியில் இடம் விட்டிருக்கிறேன். அதில் பிளாஸ்டிக் உறைகள் கொண்ட ஒரு வெற்றுக் கோப்பும் உண்டு. அறுவைக் குறிப்பு, வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சுருக்கம், மூட்டின் அளவும் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டுகள் ஆகிய மூன்றும் அதில் ஏறாமல் நான் சென்னையை விட்டு நகரப்போவதில்லை. பத்து ஆண்டு கழித்து ஈப்போவில் ஒரு மருத்துவர் இந்தக் காலைத் திறக்க நேர்ந்தால், உள்ளே இருப்பது எந்த நிறுவனத்தின் எந்த அளவு என்று அந்த ஒட்டுச்சீட்டுதான் சொல்லும்.

சில்லறைச் சாமான்கள்: நம் மின்செருகி மூன்று சதுரக் கம்பிகள் கொண்டது, இந்தியாவில் உருண்டைக் கம்பி, ஆகவே இரண்டு மாற்றுச் செருகிகள். கட்டிலிலிருந்து சுவர் வரை எட்டும் நீளமான மின்கம்பி. பவர் பேங்க் கைப்பையில்தான், சரக்குப் பெட்டியில் விடமாட்டார்கள். வங்கியின் ஒப்புதல் வருவதற்காக நம் நாட்டுச் சிம் அட்டை கைபேசியிலேயே இருக்கும். எனக்கென்று ஒரு போர்வை, ஒரு ஸ்வெட்டர். அங்குள்ள மருத்துவமனைகளில் நோயாளியோடு ஒருவர் இரவும் பகலும் தங்குவது வழக்கம், அந்த ஒருவர் படுக்கும் நீளநாற்காலியின் மேல்தான் குளிரூட்டி ஊதும் என்று போய்வந்தவர்கள் எச்சரித்தார்கள். காலில் முடி மழிக்கக்கூடாது. கீறல் இருந்தால் அறுவையைத் தள்ளிவிடுவார்கள்.

எட்டாம் நாள், பாயான் லெப்பாஸ் (பினாங்கு விமான நிலையம்)

பினாங்கிலிருந்து சென்னைக்கு இண்டிகோவின் நேரடி விமானம் 2024 டிசம்பரில் தொடங்கியதால் கோலாலம்பூர் வரை போகும் அலைச்சல் இல்லை. தம்பி மகன் காரை ஓட்டினான். கோலகங்சாரைத் தாண்டும் வரை இரு பக்கமும் பாமாயில் தரும் செம்பனை. 'இதெல்லாம் கித்தாவாக இருந்தது' என்று அக்கா ஒவ்வொரு வளைவிலும் சொன்னார்.

சக்கர நாற்காலிக்கு இரண்டு நாள் முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிவைத்தோம். ஆள் தயாராக நின்றார். திரும்பும் பயணத்துக்கு இப்போதே 'சி' வரிசை இருக்கை எடுத்திருக்கிறேன். அதற்கு வலப்புறம் நடைவழி. வலது காலை அவ்வப்போது நீட்டலாம். இடது காலில் அறுவை செய்தவர் மறுபக்கம் 'டி' எடுக்க வேண்டும்.

15ஆம் நாள், சென்னை

அறுவை முடிந்து மூன்று நாள். மறுநாள் காலையிலேயே நிற்க வைத்துவிட்டார்கள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நான்கு அடி எடுத்து வைத்தார்.

பெட்டியிலிருந்து என்ன பயன்பட்டது என்று கேட்டால், கைலி. பக்கத்து அறைப் பெண்மணி அதைப் பார்த்துவிட்டுத் தம் மகளைத் தி. நகருக்கு அனுப்பினார், கிடைத்தது ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட லுங்கி. எங்களுடைய பாத்திக் ஒன்று அவருக்குப் போயிற்று. இடுக்கி ஒரு நாளைக்கு இருபது முறை வேலை செய்கிறது. கழுத்துப்பையில் திருநீறு, கண்ணாடி, கைபேசி. பயன்படாதது நான் கொண்டுவந்த மூன்று புத்தகங்கள். இரண்டு பக்கம் படிப்பதற்குள் பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிடுகிறது. இரத்தம் உறையாமல் இருக்க அதை விடாமல் செய்ய வேண்டும்.

தாதி அக்காவிடம் வலி பத்தில் எத்தனை என்று கேட்டார். அக்கா 'கொஞ்சம்' என்றார். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு வலிக்கு எண் கொடுக்கத் தெரியாது. அவர் 'கொஞ்சம்' என்றால் ஏழு என்று எழுதிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. உடன் வந்தவர் செய்யும் வேலைகளில் முதன்மையானது இந்த மொழிபெயர்ப்பே. அறையில் இருப்போர் எல்லாரும் தமிழர் என்றாலும் அது தேவைப்பட்டது.

59ஆம் நாள், சுங்கை சிப்புட்

நாற்பதாம் நாளுக்குள் முழங்கால் 90 பாகை தாண்டி மடங்கிவிட்டதால் விமான இருக்கையில் உட்காருவதில் சிரமம் இல்லை. பட்டுச் சேலையைக் கடைசி வாரத்தில் கபாலீசுவரர் கோயிலுக்குக் கட்டிக்கொண்டார். நாமக்கல்லுக்குப் போக இயலவில்லை. சென்னை விமான நிலையத்தில் உலோகம் கண்டறியும் வாயில் கத்தியது. மூட்டுக்கான அட்டையைக் காட்டினோம்; அட்டையைப் பார்த்த பிறகும் கையால் தடவிச் சோதித்துத்தான் விட்டார்கள். வாக்கரை விமான நிறுவனம் கட்டணமில்லாமல் ஏற்றிக்கொண்டது. என் இரண்டு கைகளுக்கு இரண்டு பெட்டிகளும் சரியாக இருந்தன.

வாசற்படியில் அக்கா நின்றார். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில் என்று பிசியோ சொல்லிக்கொடுத்ததை வாய்விட்டுச் சொல்லி, இடது காலைத் தூக்கி வைத்து ஏறினார். மர நாற்காலியில் உட்கார்ந்ததும் கம்பளிக் காலுறை ஒன்றை எடுத்துவரச் சொன்னார். பெட்டியை நானேதான் அடுக்கினேன், நானேதான் நிறுத்தேன். ஆனாலும் அந்தக் காலுறைக்குள் கோடாலித் தைலக் குப்பி ஒன்று இருந்தது. இரண்டு இருந்ததாம், ஒன்றை இரவுத் தாதிக்குக் கொடுத்துவிட்டாராம். நாளை மறுநாள் ஈப்போவில் எலும்பு மருத்துவர்; கோப்பு மேசையின் மேல் இருக்கிறது.